225-ஐத் தொடாத மின் ஸ்மோக்கர்: பழுது ஒயரில் இருந்தது

மின்னசோட்டாவில் வீட்டுக்குப் பின்புறம் வைத்திருக்கும் 1,500 வாட் மின் ஸ்மோக்கர் (புகையில் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு), குளிர் தொடங்கியதும் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நின்றுவிட்டது. பன்றித் தோள்கறி வேக 225 வேண்டும்.

முதலில் சென்சார் மேல்தான் சந்தேகம். தனி வெப்பமானி ஒன்றைக் கொதிநீரில் சோதித்து (212, சரி) உள்ளே தொங்கவிட்டேன். அதுவும் 190 என்றது. கதவு ரப்பரை மாற்றினேன், தண்ணீர்த் தட்டில் சுடுநீர் ஊற்றினேன், காற்றுக்கு மறைப்பாகச் சற்றுத் தள்ளிப் பலகை நிறுத்தினேன். ஐந்தாறு டிகிரி கூடியது, அவ்வளவுதான். ஹீட்டர் காயிலும் (சூடாகும் கம்பிச்சுருள்) 9.6 ஓம் மின்தடை காட்டியது; 1,500 வாட்டுக்கு அது சரிதான், குறையில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: தரையெல்லாம் உறைபனி, இரண்டு எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் சேரும் இடத்தில் மட்டும் உருகியிருந்தது. தொட்டால் சூடு.

மல்டிமீட்டர் வைத்தேன். ஸ்மோக்கர் அணைந்திருந்தால் 120 வோல்ட் காட்டும். இதில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். காயில் ஓடும்போது அளந்தால் 108. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் சூடு சுமார் 19 சதவீதம் போய்விடும், ஏனென்றால் வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெல்லிய 16 கேஜ் ஒயர், மொத்தம் 100 அடி. வோல்ட் குறைய இது போதாதா?

ஸ்மோக்கரைச் சுவர் பிளக் பக்கம் நகர்த்தி, வெளிப்புறத்துக்கான 12 கேஜ் ஒயர் 25 அடியில் ஒன்றே ஒன்று போட்டேன் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்). இப்போது காயில் ஓடும்போதே 118 வோல்ட். 225-ஐத் தொட்டதும் தெர்மோஸ்டாட் தானாக அணைந்து எரிகிறது. அப்பாடா!