கொங்கு நாட்டிலிருந்து யூத சமயத்தைத் தழுவ விரும்புவோருக்கு

கோவையிலோ ஈரோட்டிலோ இருந்துகொண்டு யூத சமயத்தைத் தழுவ எண்ணுபவர்கள் எபிரேய எழுத்துகளைக் கற்பதற்கு முன்பே எந்தப் பிரிவின் ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) செல்வது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்னும் மூன்று பெரும் பிரிவுகளுக்குள் தொழுகை முறையும் கட்டுப்பாடும் வேறுபடுவதோடு, ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் ரப்பிகள் நடத்தும் மதமாற்றத்தை ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் ஏற்பதில்லை. இஸ்ரேலின் குடியுரிமைச் சட்டம் அவற்றை ஏற்றாலும், அங்கே யூதத் திருமணங்களைத் தன் கையில் வைத்திருக்கும் தலைமை ரப்பிமன்றம் ஏற்காது. பின்னாளில் யாரை மணப்பது, எங்கே குடியேறுவது என்பதெல்லாம் இந்த முதல் தேர்வைப் பொறுத்தவை.

மூவர் கொண்ட சமய நீதிமன்றத்தின் முன் நிற்பது, மிக்வே என்னும் நீர்த்தொட்டியில் மூழ்கி எழுவது, ஆண்களுக்கு விருத்தசேதனம் ஆகியவையே மரபான சடங்குகள். ரிஃபார்ம் ரப்பிகள் சிலர் இவற்றில் நீக்குப்போக்கு காட்டுவதுண்டு. ஓய்வுநாளில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால், ஜெப ஆலயத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் குடியிருக்க வேண்டும் என்று ஆர்த்தடாக்ஸ் நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. பக்கத்துக் கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருந்தாலும், அங்கே யூதர் விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சியுள்ளனர். ஆகவே மும்பையிலோ வெளிநாட்டிலோ சில காலம் தங்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தபடியே சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.

தொழுகையை மட்டும் இன்றே தொடங்கலாம். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் எருசலேமை நோக்கி, அதாவது நமக்கு வடமேற்கே முகம் வைத்து நிற்க வேண்டும். உபாகமம் 6:4இல் தொடங்கும் ஷெமா என்னும் நம்பிக்கை அறிக்கையையும், நின்றபடி தாழ்ந்த குரலில் சொல்லும் அமீதா என்னும் வேண்டுதலையும் புரிந்த மொழியில் சொல்லலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே அனுமதிப்பதால், தமிழில் தொடங்குவதில் குறையொன்றும் இல்லை. கத்தீஷ் என்னும் இறைபுகழ்ச்சி போன்றவற்றுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும் (ஆர்த்தடாக்ஸ் முறையில் ஆண்கள் மட்டுமே கணக்கு), ஆதலால் தனியே தொழுபவர் அவற்றை விட்டுவிட வேண்டும். ‘எங்கள் முன்னோரின் கடவுளே’ என்று சொல்லத் தமக்கு உரிமை உண்டா என ஒபதியா என்னும் மதம் மாறியவர் 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸிடம் கேட்டார். ஆபிரகாமின் வழியில் வந்த எவரும் அவருடைய பிள்ளையே, எனவே சொல்லலாம் என்று மைமோனிடிஸ் தெளிவாக எழுதினார். குலம், கூட்டம் கேட்டுப் பழகிய நம் ஊரில் வளர்ந்தவர் அந்தப் பதிலை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

ஓய்வுநாள் வெள்ளி மாலை கதிரவன் மறைவதற்கு முன்பே தொடங்கும். மறைவதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றுவது பரவலான வழக்கம். அன்று ஆசி கூறப் பயன்படும் திராட்சை மதுவுக்குப் பதிலாக, இந்திய யூதர்கள் செய்வது போல், உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்தலாம். ரொட்டி கோதுமையில் இருக்கட்டும். கம்பும் சோளமும் ராகியும் ரொட்டிக்குரிய ஐந்து தானியங்களில் சேராதவை. ஒன்றை மறவாதீர்கள்: மதமாற்றம் முடியாதவர் ஓய்வுநாளை முழுமையாகக் கடைப்பிடிக்கக் கூடாது என்பது ஆர்த்தடாக்ஸ் விதி, ஆகையால் அன்று வேண்டுமென்றே ஒரு சுவிட்சையாவது போடச் சொல்வார்கள்.

உணவில், இறைச்சியையும் பால் பொருளையும் சேர்க்கக் கூடாது என்பதால், கறிக்குழம்புச் சோறு உண்ட கையோடு அதே இலையில் தயிர் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் நின்றுபோக வேண்டும். செதிலும் துடுப்பும் உள்ள கட்லாவும் ரோகுவும் ஆகும், கெளுத்தியும் இறாலும் ஆகா. முறைப்படி அறுத்த இறைச்சி இங்கே எளிதில் கிடைக்காததால் சைவமே சௌகரியம்.

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிப் பரிமாறும் விருந்தில் இனி கை நனைக்க இயலாது என்பதை, பத்திரிகை வந்த பிறகல்லாமல் இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. மதமாற்றம் இந்துத் திருமணச் சட்டப்படி துணைவர் விவாகரத்துக் கேட்பதற்கு ஒரு காரணமாகும். பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியையும் இழப்பர். எனவே வழக்கறிஞரிடம் பேசிவிட்டு ரப்பிக்கு எழுதுங்கள். அவர் முதலில் மறுத்தாலும் அது பழைய மரபுதான், சில வாரம் கழித்து மீண்டும் எழுதலாம்.