சுழி பார்க்காமல் வாங்கிய வண்டி: பழைய சொகுசு எஸ்யூவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மாமாவோடு போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஒரு காங்கேயம் காளையைப் பிடிப்பதற்குள் பல்லைப் பார்ப்பார், தோலில் முடிச் சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பின்னங்காலைக் கவனிப்பார். அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கை போகும், விரலைப் பிடித்து விலை நடக்கும்.

அதே மாமா 4 வருடத்துக்கு முன்பு ஒரு ஜெர்மன் எஸ்யூவியை 20 நிமிடத்தில் முடித்தார். “மில் ஓனர் வண்டிங்க. ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போறதோட செரி” என்றார் புரோக்கர். வெள்ளை பெயின்ட், உள்ளே பழுப்பு லெதர், மீட்டரில் 46,000 கிலோமீட்டர். அட்வான்ஸ் கைமாறிவிட்டது. வீட்டுக்கு வந்த பதினோராவது நாள் விடியற்காலையில் பார்த்தால், தாராபுரத்து வாசலில் வண்டியின் முன் இடது மூலை தரையோடு உட்கார்ந்திருந்தது. ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்குகிற காற்றுப் பை, போய்விட்டது. நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, கியர்பாக்ஸ் கெட்டுவிடும். பிளாட்பெட் லாரி வரவழைத்து, சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி கோவைக்கு ஏற்றி அனுப்பினோம். அந்த பில்லை மாமா இன்றுவரை அத்தை கண்ணில் காட்டவில்லை.

அதிலிருந்து சொந்தக்காரர்கள் யார் பழைய பெரிய வண்டி பார்க்கப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஊர் மாறினாலும், வண்டி மாறினாலும், செய்கிற தவறுகள் அதேதான்.

முதல் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. “ஆடி நல்லதா, பென்ஸ் நல்லதா, பிஎம்டபிள்யூ நல்லதா?” ஒரு கம்பெனி பத்து வருடத்தில் ஏழெட்டு எஞ்சின் போடுகிறது. அதில் ஒன்று 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும், இன்னொன்று ஒன்றரை லட்சத்தில் கையை விரிக்கும். பிஎம்டபிள்யூவின் பழைய 4 சிலிண்டர் டீசலான என்47 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வால்வுகளை நேரம் தவறாமல் ஓட்டுகிற டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. செயின் தளர்ந்தால் அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். லேண்ட் ரோவரின் 3.0 லிட்டர் வி6 டீசலுக்கு எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் உடைகிற பேர் உலகம் முழுக்க உண்டு. எல்லா வண்டியிலும் உடைவதில்லை, ஆனால் உடைந்தால் எஞ்சினே போச்சு. அதனால் பிராண்டைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த வருடம், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இங்கே எந்த கார் அதிகம் கெடாது என்கிற அமெரிக்கப் பட்டியல்களை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் லெக்சஸும் டொயோட்டாவும் வழக்கமாக மேலே இருக்கும், லேண்ட் ரோவர் கீழே கிடக்கும். பொதுவாக அது சரிதான். ஆனால் அங்கே ஓடுபவை பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் விலைக்கு வருகிற பத்து வருடப் பழைய பெரிய வண்டி அநேகமாக டீசல். அவர்கள் மார்க் போட்ட எஞ்சின் வேறு, நம் கைக்கு வருகிற எஞ்சின் வேறு.

இரண்டாவது தவறுதான் மாமாவைச் சாய்த்தது, பலரையும் சாய்க்கிறது. 80 லட்ச ரூபாய் வண்டி ஏழெட்டு வருடத்தில் 20 லட்சத்துக்கு வந்து நிற்கிறது. ஒரு புது கிரெட்டா விலைக்கு இவ்வளவு பெரிய வண்டியா என்று ஆசை வருவது இயற்கை. ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். பிரேக் டிஸ்க், லோயர் ஆர்ம், ஹெட்லைட் எல்லாம் இன்னும் 80 லட்ச வண்டியின் விலையில்தான் வரும். ஏர் சஸ்பென்ஷனில் ஒரு ரப்பர் பை வெடித்துக் காற்று கசிந்தால், அதை ஈடுகட்ட கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். ஒரு பையோடு முடிய வேண்டிய செலவு லட்சத்தைத் தாண்டுவது இப்படித்தான். என் கணக்கு இது: கையில் 25 லட்சம் இருந்தால் 20 லட்சத்து வண்டியைப் பாருங்கள், மீதி 5 லட்சத்தை முதல் வருடத்துக்கென்று தனியாக வையுங்கள். அது செலவாகாமல் போனால் சந்தோஷம். அப்படி ஒதுக்க முடியாது என்றால் ஃபார்ச்சூனரோ இன்னோவாவோ வாங்கிவிடலாம். பழசானாலும் விலை குறையாது என்று அவற்றைத் திட்டுகிறோம். அந்தக் கூடுதல் விலையில் பாதி, ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்கான விலை.

அப்புறம் மீட்டர். கிலோமீட்டர் குறைவாக இருந்தால் நல்ல வண்டி என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இதில் இரண்டு குழி. மீட்டரைத் திருப்புவது லேப்டாப் வைத்திருப்பவனுக்குப் பத்து நிமிட வேலை என்பது ஒன்று. மீட்டர் உண்மையே சொன்னாலும் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை என்பது இன்னொன்று. வீட்டிலிருந்து மில்லுக்கு 4 கிலோமீட்டர், மில்லிலிருந்து பேங்குக்கு 2 கிலோமீட்டர் என்று ஓடிய டீசல் வண்டியில் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வண்டி ஒரே வேகத்தில் கால் மணி நேரமாவது ஹைவேயில் ஓட வேண்டும். எரிக்கத் தொடங்கும்போதே எஞ்சினை நிறுத்திக்கொண்டே இருந்தால், அதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும், பார்க்கிறவர் “ஆயில் ஃபுல்லா இருக்குதுங்க” என்று சந்தோஷப்படுவார். டைமிங் செயின் தேய்வதும் டர்போ போவதும் இதன் பின்னால் வருகிறவை. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 புகை விதிப்படியான டீசல் கார்களில் இந்த வடிகட்டி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம், பெரிய வண்டிகளில் அதற்கு முன்பே பலவற்றில் உண்டு. கொச்சி, பெங்களூரு என்று மாதம் நாலு தடவை ஓடி, 1,10,000 காட்டுகிற வண்டியை, ஊருக்குள்ளேயே சுற்றிய 40,000 வண்டிக்கு மேலாக நான் மதிப்பேன்.

மீட்டர் உண்மையா என்று பார்க்க எளிய வழிகள் சில உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். 30,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் 2018 வண்டியில் 2022 டயர் ஏன் என்று கேளுங்கள். சரியான பதிலும் இருக்கலாம். கேட்கும்போது முகத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாலு சக்கர இழுவை வண்டியில் இரண்டு புதுசும் இரண்டு வழுக்கையும் ஓடினால் முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்க நடுவில் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அதைத் தாங்காது.

வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டி எரர் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது, ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம். விற்கிறவர் முந்தின நாளே எரர் கோடுகளை அழித்துவிட்டு நிற்பார், ஸ்கேனரில் எல்லாம் சுத்தமாக வரும். “பாத்தீங்களா, ஒரு எரர் இல்லை” என்பார். கோடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். பெருந்துறையில் ஒரு வண்டிக்குப் பார்த்தோம், 9 கிலோமீட்டர் காட்டியது. டீக்கடைக்குப் போய்வந்த தூரம்! மாறாக, எஞ்சின், ஏபிஎஸ், பார்க்கிங் சென்சார் என்று சம்பந்தமில்லாத பத்து எரர் ஒன்றாக வந்தால் பயந்து ஓட வேண்டாம். பேட்டரி பலவீனமானாலே இந்த வண்டிகள் அப்படித்தான் புலம்பும். பேட்டரியை மாற்றி மறுபடி ஸ்கேன் போடச் சொல்லுங்கள், அதற்கு மறுத்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி விற்கிறவர்கள் சொல்கிற “லைஃப்டைம் ஆயிலுங்க, மாத்தவே வேண்டாம்” என்பதையும் நம்பாதீர்கள். பிஎம்டபிள்யூ, ஆடி, லேண்ட் ரோவர் என்று பல வண்டிகளில் இருக்கிற 8 கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருந்தால் அந்த ஓனரை நான் நம்புவேன்.

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது, அது தண்ணீர். ஆயிரம் அடி போரில் வருகிற உப்புத் தண்ணியை டிராக்டர் ரேடியேட்டரில் ஊற்றிப் பழகியவர்கள் நாம். அதே கை, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் குறைந்தபோது இந்த வண்டியிலும் ஊற்றியிருக்கும். சிறுவாணித் தண்ணியை ஊற்றினாலும் கூலண்டுக்கு ஈடாகாது, போர் தண்ணி என்றால் கேட்கவே வேண்டாம். அலுமினிய எஞ்சினுக்குள் உப்புப் படியும், வாட்டர் பம்ப் அரிக்கும், ஏற்கெனவே சூட்டில் பொரிந்துபோகிற பிளாஸ்டிக் இணைப்புகளோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். நீலமோ ரோஸோ பச்சையோ, கம்பெனி சொன்ன நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். துரு கலந்த டீ மாதிரி இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். பொள்ளாச்சிப் பக்கத் தோப்பு வீடுகளில் நின்ற வண்டி என்றால் பானெட்டுக்குள் டார்ச் அடித்து வயர்களைப் பாருங்கள், எலி விட்டு வைத்திருக்காது. மேலே கண்ணாடிக் கூரை இருந்தால் அதன் ஓரத்து வடிகால் துளைகளையும் பாருங்கள். வேப்ப மரத்தடியில் நின்ற வண்டியில் பூவும் இலையும் அடைத்து, மழைத் தண்ணி உள்ளே இறங்கி, சீட்டுக்கடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியை நனைத்திருக்கும்.

மழை என்றதும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி நினைவுக்கு வருகிறது. 2015-லும் 2023-லும் சென்னை மூழ்கியது, 2018-ல் கேரளா மூழ்கியது. அந்த வண்டிகளில் எத்தனையோ துடைத்து மெருகேற்றி வேறு ஊர்களில் விலைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை கோடு போட்ட மாதிரி நிற்கும். ஸ்டெப்னி குழியிலும் கை விடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் என்று அவிநாசி ரோட்டில் அரைமணி நேரம் போய்வருவது வண்டியின் ஏசியை ரசிக்கத்தான் உதவும். கோத்தகிரி மலையோ, சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளோ, எது பக்கமோ அங்கே கொண்டுபோங்கள். ஏறும்போது ஏசி போட்டபடி டெம்பரேச்சர் நிலையாக இருக்கிறதா, இரண்டாவது மூன்றாவது கியருக்கு நடுவில் உதைக்கிறதா என்று தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்பதும் தெரியும். மலைக்கு வர மாட்டேன் என்கிற ஓனரிடம் வண்டி வாங்க வேண்டாம்.

பேப்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆர்சியில் ஃபைனான்ஸ் பேர் இருந்தால் பேங்க் என்ஓசியும், அந்தப் பேரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் போகக் கூடாது. பழைய டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அந்த ஊர் என்ஓசி, இங்கே மறுபதிவு, நம் மாநில வரி எல்லாம் சேர்த்து விலை போட்டுப் பாருங்கள், மலிவு பாதி கரைந்துவிடும். யாரும் அதிகம் பார்க்காதது பழைய இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் தள்ளுபடி என்று ஏறும். “ஒரு கீறல்கூட விழுந்ததில்லை” என்கிறவரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், போன வருடம் எதற்கு கிளெய்ம் செய்தீர்கள் என்று கேட்கலாம். 50 இருக்கிறது என்பதற்காக முழுதாக நம்பியும் விடாதீர்கள். அந்த போனஸ் ஆளைச் சேர்ந்தது, வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கும்.

கடைசியாக மெக்கானிக். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருக்கிற லாரி மெக்கானிக்குகளின் காதுக்கு நான் தலைவணங்குவேன், சத்தத்தை வைத்தே இன்ஜெக்டர் எது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த வண்டிகளில் பேட்டரியை மாற்றினால்கூட சிலவற்றில் கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். ஷோரூமில் பத்து வருடம் இருந்துவிட்டு வெளியே வந்து தனிப் பட்டறை போட்டவர்கள் கோவையில் இருக்கிறார்கள். வண்டியைத் தேடுவதற்கு முன்பு அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், அவர் எந்த கம்பெனி வேலை செய்கிறாரோ அந்த கம்பெனி வண்டியைப் பாருங்கள். பார்ப்பதற்கு அவர் கேட்கிற சில ஆயிரங்களைப் பேரம் பேசாமல் கொடுங்கள். புரோக்கர் கூட்டிவருகிற மெக்கானிக் புரோக்கரின் மெக்கானிக்.

போன மாதம் மாமா பழையதைத் தள்ளிவிட்டு இன்னொன்று பார்க்கக் கிளம்பினார். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. முந்தின நாளே போனில் புரோக்கரிடம், “காலைல 6 மணிக்கு வர்றனுங்க, அதுக்கு முன்னாடி வண்டியை எடுக்க வேண்டாம்” என்று மாமா சொல்லியிருந்தார். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும் அவருக்கு. கோபியில் அந்த வீட்டு முன்னால் இறங்கியதும் யாரிடமும் பேசாமல் நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

“கழுவறதுக்கு எடுத்தமுங்க” என்றார் புரோக்கர்.

“செரிங்க, டீ குடிச்சுட்டு வந்தர்றோம்” என்றார் மாமா. டீ குடித்தோம். அப்படியே சத்தி ரோட்டைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.