நிலவின் வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டால், பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால் என்றே பலர் சொல்கிறார்கள். இந்த ஓர் எண்ணத்தைக் கைவிட்ட பிறகுதான் மற்றவை விளங்கத் தொடங்கும். பூமியின் நிழல் நிலவை மறைப்பது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. அதுவும் பௌர்ணமியில் மட்டுமே நிகழும். நிலவின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதே நாம் காணும் பிறை.

இதை வாயால் விளக்குவதைவிடச் செய்து பார்ப்பதே மேல். இருட்டான அறையில் தலை உயரத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, வெள்ளைப் பந்து ஒன்றைக் கை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு சூரியன், பந்து நிலவு, உங்கள் தலை பூமி. விளக்கை நோக்கி நிற்கும்போது பந்தின் இருண்ட பக்கம் மட்டுமே தெரியும், அது அமாவாசை. இடப்பக்கமாக மெல்லத் திரும்பத் திரும்ப, பந்தின் வலது ஓரத்தில் ஒளிக்கீற்று தோன்றி, கால் வட்டம் திரும்பியதும் பாதிப் பந்து ஒளிரும். விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கையில் முழுப் பந்தும் ஒளிர வேண்டும். ஆனால் உங்கள் தலையின் நிழல் விழுந்து அதை மறைத்துவிடும். கையைச் சற்று உயர்த்துங்கள், நிழல் விலகிவிடும். நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை என்பதும் இதிலேயே புரிந்துவிடும்.

அடுத்து வானத்துக்கு வருவோம். அமாவாசை கழிந்து இரண்டு நாள்களுக்குப் பின், சூரியன் மறைந்ததும் மேற்கு வானில் மெல்லிய பிறையைத் தேடுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பார்த்தால், நிலவு சூரியனிடமிருந்து நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை கிழக்கே விலகிச் செல்வது தெரியும். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறக்குறைய 10 பாகை அகலம் காட்டுவதால், ஒரு முட்டிக்குச் சற்று மேல் என்று அளந்துகொள்ளலாம். ஏறத்தாழ ஏழாம் நாளில் அரைநிலவு, சூரியன் மறையும் வேளையில் தன் பாதையின் உச்சியை ஒட்டி நிற்கும். இரண்டு வாரத்தில் முழுநிலவு, மேற்கில் சூரியன் இறங்கும்போது கிழக்கில் எழும். அதன்பின் நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால், தேய்பிறையை விடியற்காலையில் பார்ப்பதே எளிது.

வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை என்ற விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். தென் அரைக்கோளத்தில் அது தலைகீழாகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பிறை படகைப் போல மல்லாந்து கிடக்கும். எங்கும் பொருந்தும் விதி ஒன்றே: ஒளிரும் விளிம்பு சூரியன் இருக்கும் பக்கத்தையே நோக்கும். மாலையில் மேற்கே தெரியும் பிறை வளர்பிறை. விடியுமுன் கிழக்கே தெரிவது தேய்பிறை.

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.5 நாள்கள் ஆகின்றன. நிலவு பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள்களே போதும் என்றாலும், அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால் மீதித் தொலைவையும் நிலவு கடக்க வேண்டியிருக்கிறது.

நிலவால் பூமியில் நேரும் விளைவுகளில் ஐயத்துக்கு இடமில்லாதது கடலின் ஏற்றவற்றம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைவதால் சூரியன், நிலவு இரண்டின் ஈர்ப்பும் ஒன்றுசேர்ந்து, நீர் மிக உயர்ந்து மிகத் தாழ்கிறது. பல கடற்கரைகளில் இந்த உச்சம் ஓரிரு நாள் பிந்தி வரும். அரைநிலவு நாள்களில் இரண்டும் செங்கோணத்தில் இழுப்பதால் வேறுபாடு குறைகிறது. பழந்தமிழில் அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் உவா என்ற ஒரே பெயர் உண்டு. முழுநிலவு வெள்ளுவா, அமாவாசை காருவா. கடலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகை என்பதால் அந்தப் பொதுப்பெயர் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நிலவொளியும் உயிர்களைத் தொடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவள உயிரிகள், ஆண்டுதோறும் வெப்பம் கூடும் பருவத்தில், முழுநிலவை அடுத்த சில இரவுகளில் ஒருசேர முட்டைகளையும் விந்தணுக்களையும் வெளியிடுகின்றன. மனிதர்களைப் பற்றிய கூற்றுகளில் எச்சரிக்கை தேவை. உறக்கம் சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன, வேறு சில காட்டவில்லை. பௌர்ணமியில் பிரசவங்களும் மனநோயும் பெருகும் என்ற நம்பிக்கையை விரிவான கணக்கெடுப்புகள் உறுதிப்படுத்தவில்லை.

நிலவின் தரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பௌர்ணமிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்று ஒளி நேராக விழுவதால் நிழல்கள் மறைந்து, மேடுபள்ளங்கள் தட்டையாகிவிடும். அரைநிலவு நாளில் ஓர் இருகண்நோக்கியை எடுத்து, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் வழியே மெல்லப் பார்வையை நகர்த்துங்கள். கிண்ணக்குழிகளின் விளிம்புகள் நீண்ட நிழல்களுடன் எழுந்து நிற்பது அங்கேதான் தெரியும்.