ஏலமலையில் தொழில் நடத்துபவர்கள் மனித உறவில் செய்யும் தவறுகள்

கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து தினமும் காலையில் ஜீப்புகள் மலை ஏறுகின்றன. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆணும் பெண்ணுமாக வேலைக்குப் போகிறார்கள். தோட்டம் கேரளாவில், ஆள் தமிழ்நாட்டில், விற்பனை புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நடக்கும் மின்னணு ஏலத்தில். முதலாளி போடிக்காரராக இருப்பார், மேனேஜர் நெடுங்கண்டத்துக்காரர், கணக்குப்பிள்ளைக்கு ஊர் உத்தமபாளையம். இத்தனை பேரை ஒன்றாக வைத்துத் தொழில் செய்பவர் மழையையும் விலையையும் பற்றி யோசிப்பதில் பாதியாவது மனிதர்களைப் பற்றி யோசிக்க வேண்டும். பலர் யோசிப்பதில்லை.

ஒரே வாய் வழியாகக் கேட்பது

நான் முதலில் சொல்வது இதைத்தான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று முதலாளி, ஆட்களை மேய்க்கும் கங்காணியைக் கேட்கிறார் அல்லது மேனேஜரைக் கேட்கிறார். “ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க” என்று பதில் வருகிறது. அதோடு திருப்தி.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நடந்ததை இங்கே எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்தார்கள். 20 சதவீதம் கேட்டு ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலைமுறைகளாக அங்கேயே கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் பக்கத்தில் சேர்க்கவில்லை. நிர்வாகத்தோடு கை கோத்துவிட்டதாக அந்தத் தலைவர்கள்மேலும் குற்றம் சாட்டினார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தாங்களே திரண்டார்கள். கடைசியில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் தினக்கூலிக்கான போராட்டமும் நடந்து, 232 ரூபாயாக இருந்த கூலி 301 ஆனது.

சம்பளத்தின் நியாயம் தனி விஷயம், அதைக் கொடுத்தே ஆக வேண்டும். உறவைப் பொறுத்தவரை எனக்குத் தெரிவது இது: நிர்வாகம் காலங்காலமாகச் சங்கத் தலைவர்களோடுதான் பேசிவந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மனசு எப்படிக் கொதிக்கிறது என்பது அந்த வழியாக மேலே போய்ச் சேரவில்லை.

ஏலத்தோட்டம் சிறியது, இங்கே இது இன்னும் சுலபமாகச் செய்யக்கூடியது. காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு பறிப்புச் சுற்றுக்கும் ஒரு தடவையாவது மதியச் சோற்று நேரத்தில் போய் உட்காருங்கள். சாயங்காலம் வேண்டாம், ஜீப் கிளம்பும் அவசரத்தில் யாரும் மனசு விட்டுப் பேச மாட்டார்கள். கங்காணி பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் வரப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே கேட்டதை வைத்து அங்கேயே உத்தரவு போடாதீர்கள். அப்படிப் போட்டால் நாளைக்குக் கங்காணி பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள், அவரும் உங்களை நம்ப மாட்டார். கேட்டுக்கொண்டு வந்து, அவரோடு பேசி, அவர் வாயாலேயே முடிவைச் சொல்ல வையுங்கள். கேட்ட விஷயத்துக்கு பதில் இல்லை என்றாலும், இல்லை என்பதையாவது போய்ச் சொல்ல வேண்டும்.

தவறு செய்தவரை எல்லோர் முன்னாலும் திட்டுவது

காய் உலர்த்தும் ஸ்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக்காய் ஏறக்குறைய 5 கிலோ உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். சூடு 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. சூடு எகிறினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போகும், ஏலத்தில் விலை இறங்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஆள் கண் அயர்ந்து சூடு ஏறிவிட்டது என்று வையுங்கள். போன மாதம் இதேபோல ஒருவரை முதலாளி முற்றத்தில் நிற்க வைத்துப் பெண்கள் முன்னால் திட்டியதை அவர் பார்த்திருக்கிறார். இப்போது அவர் என்ன செய்வார்? வாயைத் திறக்க மாட்டார். நிறம் போன காயை நல்ல காயோடு கலந்துவிடுவார். சாம்பிளைப் பார்க்கும் வியாபாரி கண்டுபிடிப்பார். கெட்டது ஒரு தட்டுக் காயோடு முடியாமல் ஏலத்துக்கு வைத்த மொத்த லாட்டும் பேர் கெட்டுப் போகும். அந்த ஆள் உடனே போன் போட்டுச் சொல்லியிருந்தால் தனியாகப் பிரித்து வைத்திருக்கலாம். கெட்ட செய்தியை ராத்திரியே சொல்பவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும், விசாரணையெல்லாம் காலையில் தனியாக வைத்துக்கொள்ளலாம். எத்தனை வயதானவரையும் “நீ, வா, போ” என்று அழைக்கும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிட வேண்டும். அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கும் அக்காவை இருபத்தைந்து வயது முதலாளி ஒருமையில் கூப்பிடுவதைக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கவரை மட்டும் அனுப்புவது

மலைச்சாலையில் ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்புகள் விபத்தில் சிக்குவது இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்போது கணக்குப்பிள்ளையிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் உண்டு. பணம் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் அடிபட்டவரின் வீட்டார் வார்டு வாசலில் தேடுவது முதலாளியின் முகத்தை. நேரில் போங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அப்புறம், ஜீப்பில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லி, அதனால் கூடும் வாடகையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஆறுதல் மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை.

பண்டிகை தெரியாமல் லீவுக்குக் கோபப்படுவது

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குத் தேனிப் பக்கத்து ஆள் வேலைக்கு வர மாட்டார். மலையாளிக்கு ஓணம் பெரிது, தமிழருக்கு தீபாவளியும் பொங்கலும். இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு நாட்கள். லீவும் போனஸும் எப்போது வேண்டும் என்று ஒவ்வொரு தரப்பையும் கேட்டு வருட ஆரம்பத்திலேயே தேதி குறித்துவிட்டால் பாதி மனக்கசப்பு வராது.

சண்டை வந்த பிறகு மறுபக்கத்தில் ஆள் தேடுவது

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் சூடேறியபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்து ஊர் திரும்பினார்கள். அப்படி ஒரு நாளில் யாருக்குப் போன் போடுவீர்கள்? பஞ்சாயத்து உறுப்பினர், பக்கத்துத் தோட்டக்காரர், வியாபாரி சங்கத்துக்காரர் என்று மறுபக்கத்தில் பேசக்கூடியவர்கள் அமைதியான காலத்திலேயே இருக்க வேண்டும். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் விழாவுக்காக தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே கூடிப் பேசுகின்றன. அணை விஷயத்தில் இரண்டு மாநிலமும் நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அந்தப் பேச்சு நடக்கிறது. வியாபாரிகளும் அதைப் பார்த்துச் செய்யலாம். அந்த நாட்களில் வாட்ஸாப்பில் ஆவேசமாக எதையாவது பகிர்ந்துவிட்டு மறுநாள் மறுபக்கத்து மேனேஜரிடம் வேலை வாங்க முடியாது.

பணம் தாமதமானால் போனை எடுக்காமல் இருப்பது

இதை வியாபாரி தோட்டக்காரருக்குச் செய்கிறார், தோட்டக்காரர் உரக்கடைக்காரருக்குச் செய்கிறார். தரவேண்டிய நாளுக்கு முன்பே, எப்போது தர முடியும் என்று நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். முழுதாக இல்லையென்றால் இருப்பதைக் கொடுங்கள்.

தோட்டத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்குப் புத்தகத்தையும் பட்டாவையும் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு சீசன் முழுக்க மகனையோ மகளையோ கூடவே அழைத்துப் போய், ஸ்டோரில் ராத்திரி இருப்பவர் யார், எந்த அக்காவின் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, ஏலத்தில் எந்த வியாபாரி கஷ்ட காலத்தில் காய் வாங்கினார் என்று ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திவிட்டுப் பிறகு சாவியைக் கொடுங்கள்.