உவர்நீர்ப் பம்பிக்குக் காபன் உருக்கா, நிக்கல் கலப்புலோகமா?

ஆனையிறவு உப்பளத்தை அண்டிய இடங்களில் பம்பியின் பாகங்களுக்கு உலோகம் தெரிவுசெய்பவர், வலிமைக்கு முன்னர் அரிப்பையே ஒப்பிட வேண்டும். காபன் குறைந்த உருக்காகிய மென்னுருக்கு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைப்பு (ஓரலகுப் பரப்பின் மீதான விசை) ஏறத்தாழ 250 மெகாபஸ்கால். சூடாக்கி மென்மையாக்கிய மோனல் 400 என்னும் நிக்கல் கலப்புலோகம் இதைவிடக் குறைந்த தகைப்பிலேயே வளையக்கூடும் என்பதால், விலை கூடியதெல்லாம் வலியது என்று எண்ணலாகாது. ஆயினும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் எஞ்சியதிற் பெரும்பகுதி செம்பும் கொண்ட மோனல், ஓடும் கடல்நீரில் மிக மெதுவாகவே அரிக்கப்படும். காபன் உருக்கோ பூச்சு உரிந்த இடத்திலிருந்து துருவேறும். தேங்கிய உவர்நீரில் மோனலிலும் குழியரிப்பு உண்டாகலாம். இவ்விரண்டும் உவர்நீரில் ஒன்றையொன்று தொட்டால் உருக்கே விரைந்து அரிபடும். ஆகவே இடையில் மின்கடத்தா வளையம் இடவேண்டும். காந்தத்தை வைத்து இனங்காண முயல வேண்டாம், மோனல் 400 சில வேளைகளில் மெல்ல ஒட்டும். வயற்கிணற்று நன்னீருக்குப் பூச்சிட்ட உருக்கே போதும்.