தோவாளை பூ விலையைத் திருவனந்தபுரத்துக் கணினி கேட்டு வாங்குவது எப்படி? – வெப் சர்வீஸ் முதல் பாடம்

குமரி மாவட்டத்துத் தோவாளை பூச்சந்தையில் ஒரு மொத்தக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் பில் போடும் மென்பொருள் விண்டோஸில் ஓடுகிறது, பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. அங்கே பூ எடுக்கும் திருவனந்தபுரத்து வியாபாரியின் கணக்கு லினக்ஸ் சர்வரில், ஜாவா என்ற வேறொரு நிரல் மொழியில் ஓடுகிறது. அதிகாலை விலை வாட்ஸ்அப்பில் போகிறது. அங்கே ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் அடிக்கிறார். இந்த வேலையை இரண்டு கணினிகளும் தங்களுக்குள் முடித்துக்கொள்ள வைப்பதுதான் இந்தப் பாடம்.

இதற்காக யாரும் தங்கள் மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. நடுவில் போய்வரும் செய்தி எப்படி இருக்கும் என்பதில் இருவரும் ஒத்துப்போனால் போதும். அந்த ஒப்புதலுக்கு உலகம் முழுக்கப் பொதுவாக எழுதி வைத்திருப்பவைதான் வெப் சர்வீஸ் தரநிலைகள். ஆனால் அவை பாதி வேலையைத்தான் முடித்துத் தரும். செய்திக்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்பதை நாம்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான பாடங்கள் இந்த இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

(கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ரோமன் எழுத்தில் அடியுங்கள்.)

படி 1: கணினியைத் திறக்காமல் ஒரு தாளை எடுங்கள்

யார் கேட்பது, யார் பதில் சொல்வது, என்னென்ன கேட்கலாம் என்று எழுதுங்கள். நம் கதையில் இரண்டே வேலைகள்: இன்றைய விலையைக் கேட்பது, பூவுக்கு ஆர்டர் கொடுப்பது. கேட்பது திருவனந்தபுரம், பதில் சொல்வது தோவாளை. இப்போதைக்கு இது போதும்.

படி 2: செய்தி போகும் வழி

அது எச்டிடிபி. நீங்கள் பிரவுசரில் பக்கம் திறக்கும் அதே வழிதான். ஒரு முகவரி, அதோடு ஒரு வினை. தகவலை வாங்க 'கெட்', புதிதாக ஒன்றைப் பதிய 'போஸ்ட்', இன்ன முகவரியில் இதை வை என்று சொல்ல 'புட்', நீக்க 'டிலீட்'.

பதிலோடு ஒரு மூன்று இலக்க எண் வரும். 200 என்றால் சரி. 404 என்றால் கேட்டது இல்லை. 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 500 என்றால் பதில் சொல்லும் பக்கம் ஏதோ உடைந்துவிட்டது. இந்த எண்களை மதியுங்கள். பிழையை உள்ளே எழுதிவிட்டு வெளியே 200 போட்டு அனுப்பும் பழக்கம் பலரிடம் உண்டு. எண்ணை மட்டும் பார்க்கும் எதிர்ப்பக்க நிரல், எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நம்பிவிடும்.

படி 3: செய்தியின் வடிவம்

இங்கே இரண்டு தலைமுறைகள் உண்டு. 1998-ல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்எம்எல் என்ற தகவல் எழுதும் வடிவத்தைத் தரநிலையாக்கியது. அதை வைத்து வளர்ந்த சோப் என்ற செய்தி முறையின் 1.2 பதிப்பு 2003-ல் தரநிலையானது. கட்டுப்பாடு அதிகம், எழுத்து வேலையும் அதிகம். பழைய வங்கி, காப்பீட்டு மென்பொருள்களில் இன்றும் பார்க்கலாம். இன்னொரு பக்கம், 2000-ல் ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்ட் என்ற வடிவமைப்பு முறை. இது எச்டிடிபியை அதன் போக்கிலேயே பயன்படுத்துகிறது. இதோடு இன்று பெரும்பாலும் ஜேசன் என்ற, பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்தான் போகிறது. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ்கூட ஜேசன்தான்.

புதியவர்கள் ரெஸ்டும் ஜேசனும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சோப்தான் வைத்திருக்கிறது என்றால் மட்டும் அதைப் படித்தால் போதும். நம் விலைச் செய்தி இப்படி இருக்கும்:

{
  "தேதி": "2025-09-03",
  "பூ": "பிச்சி",
  "குறியீடு": "101",
  "அளவு": 1,
  "அலகு": "கிலோ",
  "விலை": 600
}

(600 என்பது எடுத்துக்காட்டுக்குத்தான்.)

படி 4: ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள்

இங்கே நேரம் செலவழியுங்கள்.

முதலில் தேதி. 03/09/2025 என்று எழுதினால் அது செப்டம்பர் 3-ஆ, மார்ச் 9-ஆ? ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையை ஐஎஸ்ஓ 8601 தரநிலை சொல்கிறது, அதையே வையுங்கள். நேரமும் வேண்டுமென்றால் கடைசியில் இந்திய நேரம் என்பதைக் காட்டும் +05:30 சேருங்கள்.

அடுத்து அலகு. பிச்சியும் மல்லிகையும் கிலோ கணக்கு. தாமரை 100 எண்ணம் என்று விலை சொல்வார்கள். 'விலை' மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கம் தாமரையையும் கிலோ என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'அளவு', 'அலகு' இரண்டையும் தனித்தனியே வைத்தேன். விலையை வெறும் எண்ணாகக் கொடுங்கள். "ரூ.600/-" என்று எழுத்தாக அனுப்பினால் கூட்டல் போட முடியாது.

விலை இன்னும் முடிவாகாத அதிகாலையில் யாராவது கேட்டால்? தயவுசெய்து 0 அனுப்பாதீர்கள். இலவசம் என்று கணக்கு ஏறும். ஜேசனில் 'நல்' என்ற வெற்று மதிப்பு இதற்காகவே இருக்கிறது.

அப்புறம் தமிழ் எழுத்து. அமைப்புகளுக்கு நடுவே போகும் ஜேசன் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில்தான் இருக்க வேண்டும் என்று 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் உள்ள தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் அதில் 3 பைட். 'பிச்சி' நம் கண்ணுக்கு 3 எழுத்து. ப, இகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி என்று ஜாவா 6 எண்ணும். பிஎச்பியின் வழக்கமான நீளக் கட்டளை 18 என்று சொல்லும். மூன்றும் சரிதான். டேட்டாபேஸில் இடம் ஒதுக்கும்போது இதை மறந்தால் பூவின் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

இன்னொன்று. 'தோவாளை' என்பதில் உள்ள 'தோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினி ஒப்பிட்டால் வேறு வேறு ஊர். யூனிகோடின் 'என்எஃப்சி' முறையில் இரண்டு பக்கமும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்குப் பெயரை நம்பாமல் பூவுக்கென்று கொடுத்த குறியீட்டு எண்ணை வைப்பது இன்னும் நல்லது. மேலே செய்தியில் உள்ள '101' அதற்குத்தான்.

படி 5: ஆர்டர் இரண்டு முறை போகாமல்

ஓணத்துக்கு முந்தைய நாள். 50 கிலோ கேந்திப் பூவுக்கு ஆர்டர் போகிறது. தோவாளை அதைப் பதிந்துவிட்டது, ஆனால் பதில் திரும்பும் வழியில் நெட் போய்விட்டது. திருவனந்தபுரம் மறுபடி அனுப்புகிறது. 'போஸ்ட்' என்றால் 100 கிலோ ஆகிவிடலாம். ஆர்டர் எண்ணைக் கேட்பவரே உருவாக்கி, அந்த எண்ணுள்ள முகவரிக்கு 'புட்' செய்யட்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அந்த எண்ணுக்கு ஒரே ஆர்டர்தான்.

படி 6: பூட்டு

செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் கட்டாயம். அதற்கு வேண்டிய சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பில் இலவசமாகக் கிடைக்கும். வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி, அதாவது ஒரு ரகசிய எழுத்துத் தொடர், கொடுங்கள். அதை முகவரியில் ஒட்டாமல் செய்தியின் தலைப்புப் பகுதியில் அனுப்பச் சொல்லுங்கள். முகவரிகள் சர்வர் பதிவேடுகளில் அப்படியே எழுதப்படும்.

படி 7: ஒப்பந்தமும் சோதனையும்

தாளில் எழுதியதை இப்போது ஓபன்ஏபிஐ என்ற பொதுவான விவர வடிவில் எழுதுங்கள். சோப் உலகத்தில் இதே வேலையை டபிள்யுஎஸ்டிஎல் செய்தது. அந்த ஒரு கோப்பை அனுப்பினால் போதும். திருவனந்தபுரத்தில் இருப்பவர் உங்கள் பிஎச்பியை ஒரு வரிகூடப் பார்க்காமல் தன் பக்கத்தை எழுதிவிடலாம்.

போஸ்ட்மேன் அல்லது கர்ல் என்ற சோதனைக் கருவியை வைத்துச் சோதியுங்கள். சரியான கேள்வியோடு நிறுத்தாதீர்கள். இல்லாத பூ, தப்பான சாவி, நாளைய தேதி எல்லாம் கேட்டுப் பாருங்கள்.

பிறகு மாற்றம் வந்தால், புதிய புலம் ('விலை', 'அலகு' போல ஒரு பெயர்) ஒன்றைச் சேர்ப்பதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இருக்கும் பெயரை மாற்றுவதோ அலகை மாற்றுவதோ என்றால் முகவரியில் 'வி2' போட்டுத் தனியாகத் திறங்கள். எல்லோரும் மாறி முடிக்கும்வரை 'வி1' ஓடட்டும். ஓணம் வாரத்தில் மட்டும் எதிலும் கை வைக்காதீர்கள்.