அமெரிக்க கோர்ட் செய்தி எழுதுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள், அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும் என்பதெல்லாம் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் தெரியும். நாங்கள் அந்தக் காலத்தில் வழுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் வழுக்குகிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

விசாரிக்க மறுத்ததை தீர்ப்பாக்குவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். கீழ் நீதிமன்றத்தில் தோற்றவர், வழக்கை எடுத்து விசாரியுங்கள் என்று கேட்கும் சர்ஷியோரரி மனுவோடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகிறார். சில மாதம் கழித்து, மனு மறுக்கப்படுகிறது என்று ஒற்றை வரி உத்தரவு வருகிறது. பெரும்பாலும் காரணம் எதுவும் இருக்காது. உடனே நம் ஆள் தலைப்பு போடுகிறார்: "கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது உச்ச நீதிமன்றம்!"

உறுதியும் செய்யவில்லை, ரத்தும் செய்யவில்லை. வழக்கைக் கையிலேயே எடுக்கவில்லை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிகின்றன. வாதம் கேட்டு முடிப்பது அறுபது, எழுபதுதான். ஒன்பது பேரில் நான்கு பேராவது கேட்கலாம் என்றால்தான் வழக்கு உள்ளே வரும். கீழே தப்பாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும் பொதுவாகப் போதாது. ஒரே கேள்விக்கு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருந்தால் வாய்ப்பு கூடும்.

"தள்ளிட்டாங்கன்னா கீழே சொன்னது சரின்னுதானே சார் அர்த்தம்?" என்று ஒரு பையன் விடாமல் வாதாடினான். 2014 அக்டோபர் 6, திங்கட்கிழமை வந்த உத்தரவுப் பட்டியலை எடுத்துக் காட்டினேன். பக்கம் பக்கமாக வழக்கு எண்ணும் பெயரும்தான். இத்தனையையும் ஒரே காலையில் ஒன்பது பேரும் உறுதி செய்தார்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தப் பட்டியலில்தான் யூட்டா, ஒக்லஹோமா, வர்ஜீனியா, இண்டியானா, விஸ்கான்சின் மாநிலங்களின் தன்பாலினத் திருமண வழக்குகளும் இருந்தன. மனுக்கள் மறுக்கப்பட்டதால் அத்திருமணங்களுக்கு ஆதரவான கீழ்த் தீர்ப்புகள் நின்றன, அங்கே திருமணங்களும் நடந்தன. ஆனால் அது நாடு முழுவதற்குமான தீர்ப்பு அல்ல. சரியாக ஒரு மாதத்தில் ஆறாவது சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லி, மிச்சிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி மாநிலங்கள் அத்திருமணத்துக்குப் போட்ட தடை செல்லும் என்றது. முரண்பாடு வந்த பிறகுதான் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுத்தது. தன்பாலினத் திருமணத்தை நாடு முழுக்க அனுமதித்த ஒபர்கெஃபெல் தீர்ப்பு 2015 ஜூன் 26-ல், 5-4 என்ற கணக்கில் வந்தது. அக்டோபரிலேயே "அனுமதி" என்று எழுதியவர் ஜூனில் என்ன தலைப்பு வைப்பார்?

இதற்குப் பங்காளித் தவறு ஒன்று உண்டு. 2025 ஜூன் 27-ல், அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை என்பதைக் கட்டுப்படுத்தும் டிரம்ப்பின் ஆணை மீதான வழக்கில் உத்தரவு வந்ததும், "குடியுரிமை ரத்து" என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. எச்-1பி விசாவில் இருக்கும் நம் குடும்பங்கள் பதறிப்போயின, பிரசவத் தேதி நெருங்கியவர்கள் உட்பட. அன்று கோர்ட் பார்த்த கேள்வியே வேறு: வழக்குப் போட்டவர்களுக்குத் தேவையானதையும் தாண்டி நாடு முழுக்க ஓர் அரசாணையை மாவட்ட நீதிபதி தடுக்கலாமா? பிறப்புக் குடியுரிமை பற்றி அரசமைப்பின் பதினான்காவது திருத்தம் என்ன சொல்கிறது என்பதற்குள் அந்த உத்தரவு போகவே இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது என்று முதலில் பாருங்கள், தலைப்பு அப்புறம்.

நியூயார்க் "சுப்ரீம் கோர்ட்"

அது விசாரணை நீதிமன்றம். 2024-ல் டிரம்ப்பைக் குற்றவாளி என ஜூரி சொன்னது அங்கேதான். அந்த மாநிலத்தின் உச்ச அமைப்புக்கு கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் என்று பெயர்.

எல்லா வழக்கும் வாஷிங்டன் போகும் என்ற நினைப்பு

போகாது. இந்தியாவில் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. நம் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒன்று, ஃபெடரல் (மத்திய) அரசுக்கு ஒன்று. மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் மாநில உச்ச அமைப்பு சொன்னதே கடைசி. ஃபெடரல் சட்டமோ அரசமைப்போ குறுக்கிட்டால்தான் சுப்ரீம் கோர்ட்டுக்கு அதில் வேலை.

சமூக ஊடகக் கணக்கை முடக்கிய கம்பெனி மீது முதல் திருத்தம்

பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை, தனியார் கம்பெனியை அல்ல.

மாறுபட்ட தீர்ப்பிலிருந்து மேற்கோள்

அனல் பறக்கும் வரிகள் பெரும்பாலும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதி எழுதியவை. பிடிஎஃப்பின் தொடக்கத்தில் வரும் சுருக்கமும் தீர்ப்பில் சேராது. அதைத் தயாரிப்பவர் கோர்ட் அலுவலர். இந்தப் பகுதி பெரும்பான்மைத் தீர்ப்பா, மாறுபட்டதா, எழுதியது யார் என்று பக்கத்தின் தலையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் காப்பி, பேஸ்ட் வேண்டாம்.